காலையில் ஒரு சீட்டு, மாலையில் ஒரு சீட்டு

மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தே தலை நரைத்தவன் நான். ஆனாலும் ஒரு நோயாளிக்கு ஒரு மாத்திரைகூட நேரில் விற்றதில்லை. எங்கள் தொழிலின் விசித்திரம் அது. மருந்துக்குக் காசு கொடுப்பவர் நோயாளி. எந்த மருந்து என்று முடிவு செய்பவர் டாக்டர். கம்பெனி பேசுவது டாக்டரிடம் மட்டும். அந்தப் பேச்சைப் பையில் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போகிறவனைத்தான் மெடிக்கல் ரெப் என்கிறார்கள். 1976-ல் எங்களுக்காக நாடாளுமன்றம் ஒரு சட்டமே போட்டது. அந்தச் சட்டப்படி நாங்கள் விற்பனை மேம்பாட்டு ஊழியர்கள். கிளினிக் வாசலில் செருப்புக் கழற்றும் இடத்தில் மணிக்கணக்காக நின்றபோதெல்லாம் அதை நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

விலங்கியல் பட்டத்தோடு எண்பதுகளின் கடைசியில் சேர்ந்தேன். பம்பாயில் பயிற்சி. காலையில் உடற்கூறு, மருந்தியல் என்று வகுப்பு நடக்கும். மாலையில் ஒருவர் டாக்டராகவும் இன்னொருவர் ரெப்பாகவும் நடிக்க வேண்டும். “ஏற்கெனவே வேறு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன்” என்று டாக்டர் சொன்னால் என்ன பதில், விலை அதிகம் என்றால் என்ன பதில், ஒன்றும் பேசாமல் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தால் என்ன பதில், எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு ஹெட்குவார்ட்டர்ஸ் மதுரை. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி போய்விட்டு ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். அவை எக்ஸ் ஸ்டேஷன். தேனி, போடி, கம்பம் பக்கம் போனால் லாட்ஜில் தங்கல்.

வேலை டாக்டரிடம் தொடங்குவதில்லை, மருந்துக்கடையில் தொடங்குகிறது. கிளினிக்கை ஒட்டிய கடைக்குக் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். மதியம் இரண்டரை மணி தோதான நேரம். கடைக்காரர் சாப்பிட்டு வந்து கல்லாவில் சாய்ந்திருப்பார். “அண்ணே, டாக்டர் என்ன எழுதுறாரு?” என்று கேட்டால் பில் புக்கை நம் பக்கம் தள்ளிவிடுவார். கார்பன் பிரதிகளைப் புரட்டிக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். நம் பிராண்டு எத்தனை ஸ்ட்ரிப், போட்டிக் கம்பெனி எத்தனை, எந்த வாரத்திலிருந்து மாறியது என்று எல்லாம் தெரிந்துவிடும். இதற்கு ஆர்.சி.பி.ஏ. என்று பெயர், சில்லறைக் கடையில் உட்கார்ந்து டாக்டரின் சீட்டைத் தணிக்கை செய்வது. திருமங்கலத்தில் ஒரு கடைக்காரர் பில் புக்கைத் திறக்கவே விடமாட்டார். நான் வண்டிக்கு ஸ்டாண்டு போடும்போதே சொல்லிவிடுவார்: “தம்பி, உங்க டாக்டர் கை மாறிருச்சு. போன வாரம் ஒரு பய வந்தான், ஏ.சி. மாட்டிக் குடுத்துட்டுப் போயிட்டான்.”

ராத்திரி லாட்ஜில் டெய்லி ரிப்போர்ட் எழுத வேண்டும். ஒவ்வொரு டாக்டர் பெயருக்கு எதிரிலும் ஏ, பி, சி என்று ஒரு தரம் இருக்கும். அவர் படிப்புக்கும் கைராசிக்கும் அந்தத் தரத்தில் இடமில்லை. நாளைக்கு எத்தனை நோயாளி பார்க்கிறார், அதில் எத்தனை பேருக்கு எங்கள் வகை மருந்து போகும், புது பிராண்டுக்கு எவ்வளவு சீக்கிரம் மாறுவார், இவ்வளவுதான் கணக்கு. ஊரே கையெடுத்துக் கும்பிடும் ஒருவர் எங்கள் பட்டியலில் சி-யில் கிடப்பார். இரண்டு மருந்துக்கு மேல் அவர் எழுதுவதில்லை. (எங்கள் வீட்டில் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் நான் அழைத்துப் போனது சி டாக்டர்களிடம்தான். என்னோடு வேலை பார்த்தவர்களில் பலரும் அப்படித்தான்.)

சுகாதாரத் துறை காய்ச்சலை எண்ணும். நாங்கள் காய்ச்சலுக்கு எழுதிய சீட்டை எண்ணுவோம். இரண்டும் ஒன்று போலத் தோன்றும், ஒன்றில்லை. குற்றாலத்துக்கு இருப்பதுபோல எங்களுக்கும் சீசன் உண்டு. 2006-ல் தமிழ்நாட்டில் சிக்குன்குன்யா பரவியபோது ஊர் ஊராக ஜனங்கள் மூட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அந்த மாதம் எங்கள் மேனேஜர் கூட்டிய கூட்டத்தில் கொசு என்ற சொல்லே வரவில்லை. வலி மாத்திரைக்கு டார்கெட் ஏற்றப்பட்டது. மொத்த வியாபாரியான ஸ்டாக்கிஸ்ட்டிடம் சரக்கு தீராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். அவர்கள் வேலையை அவர்கள் செய்தார்கள். ஆனால் கொசுவைப் பற்றிப் பேசுவதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு டாக்டரின் அறைக்குள் போக யாரும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

டாக்டரிடம் நாங்கள் பொய் சொல்வோம் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையே இருந்ததில்லை. அவர் தரும் நேரம் ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. அதற்குள் விஷுவல் எய்டு என்கிற படப் புத்தகத்தைத் திருப்பி ஒரு மருந்தைப் பற்றி உண்மையான மூன்று விஷயம் சொல்லலாம். நான்காவதைச் சொல்ல நேரம் இருக்காது. அந்த நான்காவது எது என்பதைக் கம்பெனி முன்கூட்டியே தீர்மானித்திருக்கும்.

நிமசுலைடை எடுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளின் பின்பாதியில் அந்த மருந்து இந்தியாவில் பிய்த்துக்கொண்டு போனது. எங்கள் கம்பெனியிடமும் இருந்தது. மாத்திரை, குழந்தைகளுக்கு சிரப். காய்ச்சலைச் சீக்கிரம் இறக்கும், நாளைக்கு இரண்டு வேளை கொடுத்தால் போதும், குழந்தை முகம் சுளிக்காமல் குடிக்கும். மூன்றும் உண்மை. ஈரலைப் பற்றிய சந்தேகம் நான்காவது. 2002-ல் ஃபின்லாந்தும் ஸ்பெயினும் ஈரல் பாதிப்பைக் காரணம் சொல்லி அந்த மருந்தைச் சந்தையிலிருந்து இறக்கின. அது எங்களுக்கும் தெரியும். டாக்டர் கேட்டால் சொல்வதற்குக் கம்பெனி ஒரு பதில் அச்சடித்தும் அனுப்பியது. கேட்டவர்கள் குறைவு. இந்தியாவில் பன்னிரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று அரசாணை வந்தது 2011-ல். இடையில் போன ஒன்பது வருடத்தில் எங்கள் விஷுவல் எய்டுப் படத்தில் இருந்த குழந்தையின் சிரிப்பு மாறவே இல்லை.

மருந்து பழசாகிவிட்டால் அதை இன்னொன்றோடு சேர்த்துப் புதிதாக்கிவிடுவார்கள். எங்கள் பாஷையில் காம்பினேஷன். இதற்குள் விலைக் கணக்கு ஒன்று இருக்கிறது. 2013-ன் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கும் மருந்துக்கு, அந்தப் பட்டியலில் சொன்ன வடிவத்துக்கும் அளவுக்கும் அரசு உச்சவரம்பு விலை வைக்கிறது. பட்டியலில் இல்லாத ஒரு சேர்க்கைக்கு அந்த உச்சவரம்பு பொருந்தாது. வைட்டமின் வகைகள் இன்னும் ஒரு படி மேலே போயின. பல பிராண்டுகள் மருந்து லைசென்சை விட்டுவிட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் லைசென்சில் சத்துப் பொருளாக மாறிக்கொண்டன. டாக்டர் அதே சீட்டில்தான் எழுதுகிறார், நோயாளி அதை மருந்து என்றுதான் விழுங்குகிறார், விலைக்கட்டுப்பாட்டு ஆணைக்கு மட்டும் அது மருந்து இல்லை.

இந்தக் காம்பினேஷன்களில் பலவற்றுக்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியே கிடையாது. மாநில லைசென்ஸ் அதிகாரிகள் கொடுத்த உரிமத்திலேயே ஓடிக்கொண்டிருந்தன. 2012-ல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைப் போட்டு உடைத்தது. 2016 மார்ச்சில் 344 சேர்க்கைகளை மத்திய அரசு தடை செய்தது. தடை வந்த அந்த வாரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கடைக்காரர்கள் சரக்கை எடுத்துக்கொள்ளச் சொல்லி போன் மேல் போன். அடுத்த சில நாட்களில் கம்பெனிகள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தடைக்கே தடை வாங்கின. “ஸ்டே வந்திருச்சு, தைரியமா வச்சு வித்துக்கச் சொல்லு” என்று மேனேஜர் சொன்னார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், திரும்ப நிபுணர் குழுவுக்கு வந்து, 2018 செப்டம்பரில் 328 சேர்க்கைகள் மறுபடி தடை செய்யப்பட்டன. 2024 ஆகஸ்டில் இன்னொரு 156. அதில் அசிக்ளோஃபெனாக் 50 மில்லிகிராமும் பாராசிட்டமால் 125 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரையும் ஒன்று. இப்படித் தடை விழும்போது கம்பெனி ஒன்றும் இடிந்துபோய்விடாது. பிராண்டுப் பெயர் அதேதான் இருக்கும். உள்ளே இருக்கும் சரக்கு மட்டும் மாறும். டாக்டரின் கைக்கு அந்தப் பெயர் பழகிப் போயிருக்கிறதே.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை திறமையும் செல்லாத ஓர் இடம் மதுரையிலேயே இருந்தது. பெரியாஸ்பத்திரி.

தமிழ்நாட்டில் அரசு டாக்டர்கள் பணி நேரம் போக மற்ற நேரத்தில் தனியாக கிளினிக் வைத்துக்கொள்ளலாம். என் பட்டியலில் ஏ-யில் இருந்த சிலர் காலையில் அரசு மருத்துவமனையில் ஓ.பி. பார்த்துவிட்டு, மாலையில் அண்ணா நகரிலோ கே.கே. நகரிலோ சொந்த கிளினிக்கில் உட்காருவார்கள். காலையில் அவர்களிடம் எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. மாலை ஆறு மணிக்கு அதே டாக்டர் வாசலில் நாங்கள் பத்துப் பேர் நிற்போம்.

சர்க்கரை நோயாளி ஒருவர் காலையில் ஓ.பி.-க்குப் போனால் டாக்டர் மெட்ஃபார்மின் என்று மருந்தின் பெயரையே எழுதுவார். மருந்தகக் கவுன்டரில் காசில்லாமல் கிடைக்கும். அதே நோயோடு இன்னொருவர் மாலையில் கிளினிக்குக்குப் போனால் மூன்று மருந்து சேர்ந்த ஒரு பிராண்டு, நரம்புக்கு ஒரு பி12 வகை, வயிற்றுக்கு ஒரு கேப்ஸ்யூல். படித்தது ஒரே படிப்பு, மனசாட்சியும் ஒன்றுதான். இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆள் அந்த ஊரில் நாங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன். டாக்டர்களுக்கே அது தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

வித்தியாசம் எங்கிருந்து வந்தது? காலையில் அவர் மேஜையில் ஒரு பட்டியல் இருந்தது. அதைத் தயாரித்தது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-ல் தொடங்கப்பட்டு, 1995 தொடக்கத்திலிருந்து மருந்து வழங்கலை ஏற்றுக்கொண்டது அது. மாநிலம் முழுமைக்கும் என்ன மருந்து தேவை என்று நிபுணர்கள் பட்டியல் போடுவார்கள். வேதிப் பெயரில் டெண்டர் விடுவார்கள். வந்த சரக்கில் மாதிரி எடுத்துப் பெயர் விவரம் மறைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் மாவட்டக் கிடங்கிலிருந்து வெளியே போகும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். அதிலிருக்கும் தொகைக்குள் தேவையானதை எடுத்துக்கொள்ளலாம். ஸ்ட்ரிப்பிலேயே அரசு முத்திரை, விற்பனைக்கு அல்ல என்று. எங்கள் சீனியர்கள் அந்தக் கழகத்தின் பெயரைச் சொல்லும்போது வாயில் ஏதோ கசந்ததுபோல முகத்தை வைத்துக்கொள்வார்கள். அதற்கு முந்தைய காலத்தில் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இல்லையென்று வெளியே எழுதிக் கொடுப்பது சகஜம். அந்த வெளிச் சீட்டுதான் கம்பெனிகளுக்கு வாசலாக இருந்தது. கழகம் வந்தபின் அது முழுக்க அடைபடவில்லை. ஏதாவது ஒன்று தீர்ந்துபோனால் வெளிச் சீட்டு திரும்ப வரும், நாங்களும் வருவோம். ஆனால் குறுகிப் போனது. கேரளமும் ராஜஸ்தானும் பின்னால் இதே மாதிரியில் கழகம் வைத்துக்கொண்டன.

இதைப் பார்த்த பிறகு டாக்டர்களின் ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சில் எனக்கு ருசி போய்விட்டது. காலையில் ஒழுக்கமாக இருந்தவர் மாலையில் கெட்டுப்போவாரா என்ன? காலையில் பட்டியலைப் போட்டது நோயை எண்ணும் ஆட்கள். மாலையில் பட்டியலைப் போட்டது நாங்கள்.

ஆனால் இந்தத் தொழிலைப் பற்றி வெளியில் இருப்பவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: டாக்டருக்கு என்ன கொடுப்பீர்கள்? கொடுத்ததுண்டு. டைரி, பேனா ஸ்டாண்டில் ஆரம்பித்து, கருத்தரங்கு என்ற பெயரில் கொடைக்கானலுக்கும் அங்கிருந்து பாங்காக்குக்கும் போனது. 2009 டிசம்பரில் இந்திய மருத்துவக் கவுன்சில், கம்பெனிகளிடம் பரிசும் பயணமும் டாக்டர்கள் வாங்கக் கூடாது என்று விதியில் சேர்த்தது. அதன் பிறகு அதே பணம் சொற்பொழிவுக் கட்டணம், ஆலோசனைக் கட்டணம், சர்வே என்று பெயர் மாற்றிக்கொண்டது. இதில் எனக்குப் பிடித்த கூத்து வருமான வரி. டாக்டர் வாங்குவது குற்றம். கம்பெனி கொடுப்பது மட்டும் வியாபாரச் செலவாம், வரியில் கழித்துக்கொள்ளலாமாம். சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் தன்னுடைய சத்து மாத்திரைக்காகச் செலவிட்ட ஏறக்குறைய 4.72 கோடி ரூபாயை இப்படிக் கழிக்கக் கேட்ட வழக்கில், 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் முடியாது என்று தீர்ப்பளித்தது. 2024 மார்ச்சில் வந்த நடத்தை விதித் தொகுப்பு இலவச சாம்பிளுக்குக்கூட அளவு வைத்திருக்கிறது. ஒரு மருந்துக்கு ஒரு டாக்டருக்கு வருடத்தில் பன்னிரண்டு பொட்டலம், ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் மூன்று நோயாளிகளுக்கான மருந்து. மீறினால் புகாரை விசாரிப்பது கம்பெனிகளின் சங்கங்களே அமைக்கும் குழு. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பரிசைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. என்னிடம் ஒரு பேனாகூட வாங்காத டாக்டர்களும் எங்கள் மருந்தை எழுதினார்கள். கம்பத்தில் ஒரு வயதான டாக்டர் இருந்தார். சாம்பிளை நீட்டினால் திருப்பித் தள்ளிவிடுவார். “சாம்பிள் எல்லாம் வேணாம் தம்பி. உக்காருங்க. புதுசா என்ன வந்திருக்கு, சொல்லுங்க” என்பார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கல்லூரியை விட்டு வந்து எத்தனையோ வருடம். மெடிக்கல் ஜர்னல் அந்த ஊருக்கு வராது. அரசாங்கத்திலிருந்து புது மருந்தைப் பற்றிச் சொல்ல ஒருவரும் அவர் வாசலுக்கு வந்ததில்லை. மாதா மாதம், மழையோ வெயிலோ, வந்தவன் நான். எனக்குத் தெரிந்ததோ அந்த மூன்று விஷயம். ஏ.சி. வாங்கிக்கொண்டவரை விட இவரிடம்தான் எங்கள் மருந்து நிலையாக ஓடியது.

எங்கள் பையில் ஒருபோதும் இல்லாத சரக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. உப்புச்சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும் போதும் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004-லேயே சேர்ந்து சொல்லிவிட்டன. எங்களிடம் வயிற்றுப்போக்குக்கு இருந்தது ஒரு ஆன்டிபயாடிக் காம்பினேஷன் சிரப். ஆரஞ்சு வாசனை. அதற்கு மட்டும் தனி விஷுவல் எய்டு, தனி இன்சென்டிவ். துத்தநாகத்தின் பெயரை நான் கம்பெனிக் கூட்டம் எதிலும் கேட்டதில்லை. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் லாபத்தில் ரெப்புக்கு பெட்ரோல்கூடப் போட முடியாது.

ஆனால் ஓ.ஆர்.எஸ். என்ற மூன்றெழுத்துக்கு மரியாதை இருந்தது. அந்த மரியாதையை விற்றார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டர் தண்ணீருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, கூடவே பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். சர்க்கரை ஏறினால் குடல் நீரை உறிஞ்சுவதற்குப் பதில் வெளியே இழுக்கும், பேதி கூடும். மருந்துக்கடைகளில் அட்டை டப்பாவில், பழ வாசனையோடு, ஸ்ட்ரா குத்திக் குடிக்கும்படி விற்ற பானங்களில் சர்க்கரை இதைப்போலப் பல மடங்கு. பெயரில் மட்டும் அந்த மூன்றெழுத்து. பேதியில் துவண்ட குழந்தையோடு வரும் தாய்க்குக் கடைப் பையன் அதைத்தான் எடுத்துக் கொடுப்பான். பொட்டலத்தைக் கரைக்க ஒரு லிட்டர் தண்ணீரைக் காய்ச்சி ஆற வைக்க வேண்டும். இது கையில் வாங்கியதும் குடிக்கலாம். இது உலக சுகாதார நிறுவனம் சொன்ன கரைசல் அல்ல என்று டப்பாவில் ஒரு வரி போட்டால் போதும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2022-ல் வழிவிட்டது. ஹைதராபாத்தின் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடம் விடாமல் எழுதியும் வழக்குப் போட்டும் போராடினார். 2025 அக்டோபரில் ஆணையம் அந்த அனுமதியை வாபஸ் வாங்கியது.

அதே அக்டோபரில்தான் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான இருமல் சிரப்பும் செய்தியில் அடிபட்டது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அந்த சிரப்பில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 48.6 சதவீதம். அது தயாரிப்பில் நடந்த அக்கிரமம். எல்லோரும் அதைத்தான் பேசினார்கள், பேசவும் வேண்டும். ஆனால் அதில் இருந்த குளோர்ஃபெனிரமின், ஃபினைல்எஃப்ரின் சேர்க்கையை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளில் போடச் சொல்லி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருந்தது. சளிக்கு சிரப் வேண்டாம், தானாகப் போய்விடும் என்று சொல்ல ஊருக்கு ஒரு ரெப் இருந்ததில்லை.

எங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். மாதத்தின் கடைசி வாரம் எங்களுக்கு நரகம். டார்கெட் முடியவில்லை என்றால் 31-ம் தேதி ராத்திரி ஸ்டாக்கிஸ்ட்டின் கையைப் பிடித்துக்கொண்டு சரக்கை இறக்குவோம். அடுத்த மாதம் அது திரும்பி வந்து நிற்கும். அந்தச் சரக்கை நகர்த்தக் கடைக்காரருக்குப் பத்துக்கு இரண்டு இலவசம். கடைக்காரர் அதைத் தள்ள வேண்டும், டாக்டர் அதை எழுத வேண்டும். மேலே இருந்து வரும் அழுத்தம் படிப்படியாக இறங்கி, கடைசியில் இருமலோடு உட்கார்ந்திருக்கும் ஒருவரின் சீட்டில் நான்காவது வரியாக முடியும். அவருக்கு இது தெரிய வழியில்லை. இப்போது ரெப்பின் போனில் ஆப் இருக்கிறது. எந்தக் கிளினிக்கில் எத்தனை நிமிஷம் நின்றான் என்பது மும்பைக்குத் தெரிகிறது. கம்பெனிகளுக்கான நடத்தை விதிகளுக்குச் சட்ட பலம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனது நோயாளிகள் சங்கம் என்று நினைத்துவிட வேண்டாம். ரெப்புகளின் அகில இந்தியக் கூட்டமைப்புதான் போனது. எங்களோடு வேலை பார்த்தவர்கள் சந்தா போட்டு நடத்தும் வழக்கு அது. என் சந்தாவும் அதில் உண்டு.

பிராண்டுப் பெயரே வேண்டாம் என்று சொல்லிப் பார்க்காத காலமில்லை. 1975-ல் மருந்துத் துறை பற்றிய அரசின் ஹாத்தி குழு, படிப்படியாக பிராண்டுப் பெயர்களை ஒழிக்கலாம் என்றது. முதலில் ஆஸ்பிரின், அனால்ஜின் உள்ளிட்ட ஐந்து மருந்துகளில் ஆரம்பித்தார்கள். கம்பெனிகள் நீதிமன்றத்துக்குப் போயின, அத்தோடு நின்றது. 2023 ஆகஸ்ட் 2-ம் தேதி தேசிய மருத்துவ ஆணையம் வேதிப் பெயரில்தான் எழுத வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. 23-ம் தேதி அதையே நிறுத்திவைத்தது. தரத்தை யார் உறுதி செய்வது என்று டாக்டர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அரசு மருந்தகத்தில் அந்தப் பொறுப்பை மருத்துவப் பணிகள் கழகம் எடுத்துக்கொள்கிறது. வெளிக்கடையில் யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அந்த வாதத்துக்குள் பிராண்டு என்றால் தரம் என்ற எண்ணம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. நான் வருடக்கணக்காகப் பெருமையாகப் பேசிய பிராண்டு ஒன்று ஹிமாச்சலப் பிரதேசத்தில் யாரோ ஒருவரின் ஆலையில் தயாரானது. அதே ஆலையிலிருந்து அதே மாத்திரை வேறு வேறு பெயரில் போட்டிக் கம்பெனிகளுக்கும் போனது. ஸ்ட்ரிப்பின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தால் யாருக்கும் தெரியும்.

ஓய்வு பெற்ற பிறகும் பழைய பழக்கத்தில் சில கடைகளுக்குப் போய் உட்காருவேன். கல்லாவில் இப்போது மகன்கள். பில் புக் இல்லை, கம்ப்யூட்டர். ரெப்புகள் வந்து புரட்டுவதும் குறைந்துவிட்டது. யார் என்ன விற்கிறார்கள் என்ற புள்ளிவிவரத்தைக் கம்பெனிகள் மொத்தமாக விலைக்கு வாங்கிக்கொள்கின்றன. பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளில் டாக்டரைப் பார்ப்பதே வெட்டி வேலை என்கிறான் எனக்குப் பின்னால் அந்த ஏரியாவுக்கு வந்த பையன். என்ன மருந்து உள்ளே வர வேண்டும் என்பதை பர்ச்சேஸ் கமிட்டி முடிவு செய்கிறது; டாக்டர் கம்ப்யூட்டரில் எழுத ஆரம்பித்தால் அந்த மருந்துகள்தான் திரையில் வரும். அங்கேயும் ஒரு பட்டியல் வந்துவிட்டது, சார், என்றான். எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்று கேட்டேன். முதல் கேள்வியே எம்.ஆர்.பி. எவ்வளவு, நெட் எவ்வளவு என்பதுதானாம். அட்டையில் நூறு ரூபாய் போட்டு இருபது ரூபாய்க்குக் கொடுக்கிற கம்பெனிக்கு முதல் இடம். ஐம்பது ரூபாய் அட்டையில் போட்டு முப்பதுக்குக் கொடுப்பவன் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் என்றான்.